பெண்ணுக்கு ஊர் வாக்களிக்குமா?

தேர்தற் காலம் நெருங்கிவிட்டால் கொழும்பு மாநகரிற் பேச்சுக்குப் பஞ்சமிருப்பதில்லை. வெள்ளவத்தையிற் காலி வீதிக் கடை வாசல்களிலும், கொட்டாஞ்சேனைத் தேநீர்க் கடைகளிலும், மாலை வேளையிற் கடற்கரையோரம் உலாவுவோர் நடுவிலும், யார் வெல்வார், யார் தோற்பார் என்ற கணிப்பு ஓயாது நடந்துகொண்டிருக்கும். அவ்விடத்தில், நாட்டின் சனாதிபதிப் பதவிக்கு ஒரு பெண் போட்டியிட்டால் என்ன என்று எவரேனும் வாய் திறந்தால், வரும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். 'பெண் ஆளக்கூடாதென்று யார் சொன்னது? நான் வாக்குப் போடத் தயார்தான். ஆனால் ஊர் போடுமா?' என்பதே அம்மறுமொழி.

இதனைச் சற்று நிதானமாக ஆராய்தல் வேண்டும். பெண்ணுக்கு ஆளுந் திறமை உண்டா என்பது ஓர் ஐயம். பெண் தேர்தலில் வெல்வாளா என்பது வேறோர் ஐயம். முன்னையது பழைய ஐயம். 'பெண்புத்தி பின்புத்தி' என்ற பழமொழியோடு பிறந்தது அது. இக்காலத்திற் படித்தவர்கள் அதனை வாய்விட்டுச் சொல்லக் கூசுகின்றனர். ஆதலால் அது வேடம் மாறி, பின்னைய ஐயமாக வந்து நிற்கின்றது. தம் கருத்தை ஊரின் தலையிற் சுமத்திவிட்டால், சொல்பவர் மீது பழி வராது. அவர் முற்போக்காளராகவும் இருக்கலாம். பெண்ணை நிறுத்தாமலும் இருக்கலாம். ஊரைக் கேட்டவர் எவருமில்லை. ஊருக்காக விடை கூறுவோர் மட்டும் எல்லாத் தெருவிலும் இருக்கின்றனர்.

உலகின் பல நாடுகளில் இக்கேள்விக்கு விடை ஊகமாகவே இருக்கலாம். இலங்கையில் அவ்வாறில்லை. இங்கே ஊரைப் பல முறை நேரிற் கேட்டாயிற்று. ஊரும் தன் விடையை எண்களிற் கூறியிருக்கின்றது. அந்த எண்களை வரிசையாக எடுத்துப் பார்த்தல் பயனுடையது.

முதலில் வாக்குரிமை வந்த கதையை நினைவுகூர்தல் நலம். 1927 ஆம் ஆண்டில் அக்னஸ் டி சில்வா முதலிய பெண்மணிகள் ஒன்று கூடிப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை நிறுவி, டொனமூர் ஆணைக்குழுவின் முன் தம் கோரிக்கையை வைத்தனர். நாட்டுத் தலைவர்கள் பலருக்கு அது உவப்பாயிருக்கவில்லை. மருதனாமடத்திற் பெண்களுக்கென்றே கல்லூரி கண்ட பெருமைக்குரிய சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். பெண்ணுக்குக் கல்வி தரலாம், வாக்குத் தருதல் ஆபத்து என்பது அக்காலப் பெரியோர் பலரின் எண்ணம். ஆணைக்குழுவும் பெண்களுக்கு முப்பது வயதுக்கு மேலேயே வாக்குரிமை அளிக்கலாம் என்றது. ஆயினும் 1931 ஆம் ஆண்டில் அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தபோது, ஆணுக்கும் பெண்ணுக்கும் இருபத்தொரு வயது என்ற ஒரே எல்லை வகுக்கப்பட்டது.

வாக்குரிமை கிடைத்த ஓராண்டுக்குள்ளேயே ஊர் தன் முதல் விடையைக் கூறியது. 1931 நவம்பரில், தந்தையார் இறந்தமையால் வெற்றிடமான ருவான்வெல்லைத் தொகுதியிற் போட்டியிட்டு, அடலின் மொலமூரே அரசாங்க சபையின் முதற் பெண் அங்கத்தவரானார். இரண்டாவது விடை கொழும்பு நகரிலிருந்தே வந்தது. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் முதலிய இடங்கள் அமைந்த நகரின் வடபாகத்திலே, கொழும்பு வடக்குத் தொகுதியில், தேர்தல் வழக்கொன்றின் விளைவாக வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து தம் ஆசனத்தை இழந்தார். 1932 மே மாதத்தில் நடந்த உப தேர்தலில் அவர்தம் மனைவியார் நேசம் சரவணமுத்து அபேட்சகராக நின்று வெற்றியீட்டினார். துறைமுகத் தொழிலாளரும், வணிகரும், சிங்களவரும், முஸ்லிம்களும், பறங்கியரும், தமிழரும் கலந்து வாழும் நகரப் பகுதி அது. அங்கே ஒரு தமிழ்ப் பெண்மணி மக்கள் பிரதிநிதியானார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அது நடந்தது.

பின்னரும் நகரத்து வாக்காளர் தயங்கவில்லை. கனடாவிற் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, இலங்கையைத் தம் நாடாகக் கொண்ட வைத்தியர் மேரி இரத்தினம், 1937 இல் வெள்ளவத்தைக்கு அயலிலுள்ள பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவானார். 1956 இல் கொழும்பு வடக்கு மீண்டும் ஒரு பெண்ணைத் தேர்ந்தது. அவர் சமசமாசக் கட்சியின் விவியன் குணவர்த்தன. இவர்கள் இருவரும் இறந்த கணவரின் ஆசனத்தையோ தந்தையின் ஆசனத்தையோ நிரப்ப வந்தவர்களல்லர். ஒருவர் வைத்தியப் பணியாலும் சமூகத் தொண்டாலும், மற்றவர் கட்சிப் பணியாலும் போராட்டங்களாலும் மக்களுக்கு அறிமுகமானவர்கள்.

இனி நாட்டின் தலைமைப் பதவிக்கு வருவோம். 1959 செப்ரெம்பரிற் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க கொலையுண்டார். அடுத்த ஆண்டில் அவருடைய கட்சியின் தலைமையைத் துணைவியார் சிறிமாவோ ஏற்றபோது, அடுப்பங்கரைக்கு அப்பால் அரசியல் அறியாதவர் என்று நகைத்தவர் பலர். அழுது வாக்குக் கேட்கும் விதவை என எதிரிகள் ஏளனஞ் செய்தனர். 1960 யூலை 21 ஆந் தேதி அவர் உலகின் முதற் பெண் பிரதமராகப் பதவியேற்றார். அவரைக் குறிக்கப் புதுச் சொல் ஒன்று ஆக்கவேண்டுமே என்று இலண்டன் பத்திரிகையொன்று எழுதியது. மொழியிற் சொல் இல்லாத காலத்திலேயே இந்நாட்டு வாக்காளர் அப்பதவியை ஒரு பெண்ணுக்கு அளித்துவிட்டனர்.

'அது அனுதாப வாக்கு' என்று கூறி இதனை ஒதுக்குவாருண்டு. அக்கூற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயின் அனுதாபம் எத்தனை ஆண்டுக்கு நீடிக்கும்? 1965 இல் அவர் தோற்றார். 1970 இல், கணவர் மறைந்து பத்தாண்டுகள் கடந்த பின்னர், அவர் தலைமை தாங்கிய ஐக்கிய முன்னணி, தெரிவுக்குரிய 151 ஆசனங்களில் 116 ஐக் கைப்பற்றியது. 1977 இல் அவருடைய கட்சிக்கு எட்டு ஆசனங்களே மிஞ்சின. அந்தத் தோல்விக்குக் காரணம் அவர் பெண் என்பதே என்று எவரும் கூறவில்லை. பொருள் தட்டுப்பாட்டையும், நீண்ட வரிசைகளையும், ஆட்சியின் வேறு குறைகளையுமே கூறினர். ஓர் ஆண் எக்காரணங்களால் வெல்வானோ, எக்காரணங்களால் தோற்பானோ, அதே காரணங்களால் அவரும் வென்றார், தோற்றார். சமத்துவத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக்கிச் சனாதிபதியை மக்கள் நேரே தெரிவு செய்யும் முறையைக் கொணர்ந்தது. குடியியல் உரிமை பறிக்கப்பட்டிருந்தமையால் 1982 இல் சிறிமாவோ போட்டியிட முடியவில்லை. உரிமை மீண்ட பின், 1988 டிசம்பரிற் போட்டியிட்டார். வன்முறையும் அச்சுறுத்தலும் நிறைந்த தேர்தல் அது; நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேரே வாக்களித்தனர். ரணசிங்க பிரேமதாச நூற்றுக்கு 50.43 வீதமும், சிறிமாவோ 44.95 வீதமும் பெற்றனர். எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணிக்கு ஏறத்தாழ 23 இலட்சம் பேர் வாக்களித்திருந்தனர். அவர் தோற்றார் என்பது மெய். பெண்ணுக்கு வாக்குக் கிடையாது என்பது பொய்யாயிற்று.

இதனையடுத்து வந்த 1994 ஆம் ஆண்டின் தேர்தல் ஆராய்வோரின் தனிக் கவனத்துக்குரியது. அவ்வாண்டு ஆகத்து மாதத்திற் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க பிரதமராகி, நவம்பர் 9 ஆந் தேதி நடைபெறவிருந்த சனாதிபதித் தேர்தலிற் போட்டியிட்டார். எதிர்த்து நின்ற காமினி திசாநாயக்க, ஒக்ரோபர் 24 ஆந் தேதி நள்ளிரவு கடந்த வேளையில், கொழும்பின் வட எல்லையிலுள்ள தொட்டலங்கவிற் பிரசாரக் கூட்டமொன்றிற் குண்டுத் தாக்குதலுக்குப் பலியானார். அவருடன் பலர் மாண்டனர். ஐக்கிய தேசியக் கட்சி அவருடைய துணைவியார் சிறிமா திசாநாயக்கவை அபேட்சகராக்கியது. பிரதான அபேட்சகர் இருவருமே பெண்கள் என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று.

சந்திரிகா நூற்றுக்கு 62.28 வீதமும், சிறிமா 35.91 வீதமும் பெற்றனர். இரண்டையுங் கூட்டினால், அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பெண்களுக்கே சென்றன. ஆண் அபேட்சகர்களும் வாக்குச்சீட்டில் இருந்தனர். பெண்ணை நம்ப முடியாதென்று ஊர் கருதியிருந்தால், அவர்களுக்கு அளித்திருக்கலாம். ஊர் அப்படிச் செய்யவில்லை. நாட்டின் 160 தேர்தற் தொகுதிகளில் ஒன்றைத் தவிர ஏனைய யாவற்றிலும் சந்திரிகாவே முன்னின்றார்.

அனுதாப வாக்கு என்ற வாதமும் இத்தேர்தலிலேயே உடைந்தது. கணவரை இழந்து மூன்று வாரங் கழியாத ஒருவர் தோற்றார். அனுதாபம் மட்டுமே வெற்றியைத் தருமென்றால் அவரன்றோ வென்றிருக்க வேண்டும்? பதினேழாண்டு கால ஆட்சியில் மக்கள் சலித்திருந்தனர். போர் முடிந்து சமாதானம் வரவேண்டுமென்று ஏங்கியிருந்தனர். அவ்வேக்கத்துக்குக் குரல் கொடுத்தவருக்கு வாக்களித்தனர்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்வேக்கம் பெரிது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து வாடகை அறைகளில் ஒண்டியிருந்தோர் அநேகர். யாழ்ப்பாணத்திலே 'சந்திரிகா காப்பு' என்று வளையல்களுக்கே பெயரிட்டு விற்றனர் எனின், நம்பிக்கையின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். அந்நம்பிக்கை நீடிக்கவில்லை. 1995 ஏப்பிரிலிற் போர் மீண்டும் மூண்டது. ஏமாற்றம் ஆழமாயிருந்தது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். பெண் ஆட்சிக்கு வந்தால் நீதி தானாக வரும் என்று எவரும் உறுதி கூறவியலாது. தமிழ்மக்கள் இரு பெண்களின் ஆட்சிகளையும் கண்டவர்கள். 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பையும் அவர்கள் மறந்தாரில்லை. ஆயின் ஓர் ஆண் தவறாக ஆண்டால், இனி ஆண்களே ஆளக்கூடாதென்று கூறுவார் உண்டோ? அந்தந்த ஆட்சியாளரின் குறையை அந்தந்த ஆட்சியாளரின் கணக்கிலேயே எழுதவேண்டும். ஒருத்தியின் குறையைப் பெண்ணினத்தின் கணக்கில் எழுதுவது அறமாகாது.

1999 டிசம்பரில், பிரசாரக் கூட்டத்திற் குண்டுத் தாக்குதலுக்குள்ளாகி வலக்கண் பார்வையை இழந்த சந்திரிகா, மூன்றாம் நாள் நடந்த தேர்தலில் 51.12 வீத வாக்குகளோடு மீண்டும் வென்றார். ஆக, பிரதான கட்சியின் பெயராற் பெண் நின்ற மூன்று சனாதிபதித் தேர்தல்களில், இரண்டிற் பெண் வென்றார். ஒன்றில் நெருங்கிய போட்டியிற் தோற்றார்.

அதன் பின் நடந்தது யாது? 2005, 2010, 2015 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஒரு பெண்ணேனும் போட்டியிடவில்லை. 2019 இல் 35 அபேட்சகர்கள் நின்றனர். அவர்களில் அஜந்தா பெரேரா ஒருவரே பெண். அவரும் பெருங்கட்சி எதனுடைய அபேட்சகருமல்லர். 2024 இல் 38 பேர் போட்டியிட்டனர், பெண் ஒருவருமில்லை. வாக்காளரிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாயிருக்கும் நாட்டில், உலகுக்கு முதற் பெண் பிரதமரைத் தந்த நாட்டில், நீண்ட வாக்குச்சீட்டில் ஒரு பெண்ணின் பெயரைக் காணவில்லை.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. ஐயம் வாக்குச்சாவடியிற் பிறக்கவில்லை. நியமனப் பத்திரம் நிரப்பப்படும் அறையிலே பிறக்கின்றது. யாரை நிறுத்துவது என்று கட்சிப் பெரியோர் கூடிப் பேசும்போது, 'பெண்ணை நிறுத்தினால் ஊர் ஏற்காது' என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையசைப்பர். பெண் நிறுத்தப்படமாட்டாள். நிறுத்தப்படாதவள் வெல்வது எங்ஙனம்? வெல்லாமையைக் காட்டி, 'பார்த்தீர்களா, பெண்கள் வெல்வதில்லை' என்பர். விதையை மண்ணிலிடாமலே நிலத்தை மலடென்று கூறுவதை இது ஒக்கும்.

அவ்வறையின் கதவு பெண்ணுக்குத் திறந்த வேளைகளும் உண்டு. அவை பெரும்பாலும் துக்க வேளைகள். மொலமூரேக்குத் தந்தையின் மரணம் வழி திறந்தது. சிறிமாவோவுக்கும் சிறிமாவுக்கும் கணவரின் கொலை வழி திறந்தது. சந்திரிகாவோ தந்தையையும் கணவரையுங் கொலைக்குப் பறிகொடுத்தவர். 2008 ஆம் ஆண்டின் முதல் நாளிற் கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் தியாகராசா மகேசுவரன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய துணைவியார் விசயகலா 2010 இல் யாழ்ப்பாணத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். இவர்களின் துணிவைக் குறைத்து மதிப்பிடல் தகாது. எனினும், வீட்டில் ஒரு சாவு விழுந்தாலன்றிப் பெண்ணுக்குத் தேர்தல் மேடை கிடையாது என்ற நிலை எந்த நாட்டுக்கும் பெருமை தருவதன்று.

இவ்வையம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலும் இது பலமாக நிலவுகின்றது. 2016 இல் ஹிலரி கிளின்டன் எதிராளியைவிட ஏறத்தாழ 29 இலட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும், அந்நாட்டுத் தேர்வாளர் முறையினால் தோற்றார். 2024 இல் கமலா ஹரிஸ் தோற்றார். தாய்வழியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த அவருக்காக, மன்னார்குடிக்கு அண்மையிலுள்ள துளசேந்திரபுரத்துக் கோயிலிற் பூசை நடந்தமையைப் பலரும் அறிவர். இரு தோல்விகளையுங் கண்டு, அமெரிக்கர் பெண்ணை ஏற்கார் என்று முடிவு கட்டுவோர் உளர். இரண்டு தோல்விகளைக் கொண்டு விதி வகுப்பது முறையாயின், ஆண்கள் தோற்ற தேர்தல்களைக் கொண்டு எத்தனை விதிகள் வகுக்கவேண்டும்!

மறுபுறம் ஐஸ்லாந்தைப் பாருங்கள். 1980 இல் விக்டிஸ் பின்பொகடொட்டிர் என்ற பெண்மணி மூன்று ஆண்களை எதிர்த்து வென்று, மக்கள் நேரே தெரிவு செய்த உலகின் முதற் பெண் சனாதிபதியானார். மெக்சிக்கோவில் 2024 இல் பிரதான அபேட்சகர் இருவரும் பெண்களாயிருந்தனர். கிளவுடியா சென்பாம் வென்றார். கொழும்பு முப்பதாண்டுகளுக்கு முன் கண்ட காட்சியே அது. ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. கட்சிகள் பாராளுமன்ற அபேட்சகர்களிற் பாதிப் பேரைப் பெண்களாக நிறுத்தல் வேண்டுமென்று மெக்சிக்கோ 2014 இல் அரசியலமைப்பிலேயே விதித்துவிட்டது. அங்கே நியமன அறையின் கதவைச் சட்டம் திறந்து வைத்தது.

இலங்கையிலும் அச்சட்டத்தின் சிறிய வடிவொன்று பயன் தந்திருக்கின்றது. உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களின் தொகை நூற்றுக்கு இரண்டு என்ற அளவிலே நெடுங்காலம் நின்றது. நாலிலொரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்படல் வேண்டும் என்ற விதியோடு 2018 இல் தேர்தல் நடந்தபோது, அத்தொகை நூற்றுக்கு இருபதைத் தாண்டியது. கொழும்பு மாநகரமும் அவ்வாண்டிலேயே தன் முதற் பெண் மேயராக றோசி சேனாநாயக்கவைக் கண்டது.

2024 நவம்பரிற் பாராளுமன்றத் தேர்தல் நடந்தபோது, ஊர் இன்னுமொரு முறை பேசியது. பல்கலைக்கழக ஆசிரியராயிருந்து அரசியலுக்கு வந்தவர் ஹரிணி அமரசூரிய. அரசியற் குடும்பத்தின் மகளுமல்லர், விதவையுமல்லர். கொழும்பு மாவட்டத்தில் அவர் பெற்ற விருப்பு வாக்குகள் 655,289. அதே தேர்தலில், சிங்கள மக்கள் பெரும்பான்மையாய் வாழும் மாத்தறை மாவட்டத்திலிருந்து சரோஜா சாவித்திரி போல்ராஜ் என்ற தமிழ்ப் பெண்மணி தெரிவானார். 1932 இல் நேசம் சரவணமுத்துவுக்குக் கொழும்பு வடக்கு வாக்களித்ததை இது நினைவூட்டுகின்றது.

மகிழ்ச்சியோடு மனக்குறையையும் கூறத்தான் வேண்டும். அத்தேர்தலில் யாழ்ப்பாணம், வன்னி ஆகிய இரு மாவட்டங்களிலிருந்தும் ஒரு பெண்ணேனும் தெரிவாகவில்லை. போரிற் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்குவோரும், காணாமற்போன பிள்ளைகளுக்காக வீதியில் நிற்போரும் அங்கே பெண்களே. பாடசாலைகளிலும், வைத்தியசாலைகளிலும், அரச அலுவலகங்களிலும் அவர்கள் பணி நிறைந்திருக்கின்றது. தேர்தற் பட்டியலிற் பெண்களின் பெயர்கள் இடம்பெறாமலுமில்லை. ஆயின் பட்டியலை நிரப்பப் பெயர் கேட்பது வேறு, வெல்வதற்கென்று முன்னிறுத்தி அவருக்காக வீடு வீடாகச் செல்வது வேறு. தேர்தற் செலவுக்குப் பணமின்மை, இரவுக் கூட்டங்களுக்குச் செல்வதிலுள்ள இடர், பெண்ணென்றால் உடனே எழும் அவதூறு ஆகிய மூன்றும் அவர்களைத் தடுக்கின்றன. இவற்றை நீக்குவது கட்சிகளின் கடன்.

வாக்காளருக்கும் ஒரு கடன் உண்டு. அது பெண் என்பதற்காக ஒருவருக்கு வாக்களிக்கவேண்டும் என்பதன்று. தகுதியை ஆராய்க, கொள்கையை ஆராய்க, தகுதியில்லையெனின் ஆணாயினும் பெண்ணாயினும் மறுத்துவிடுக. ஆனால் தகுதியுடையவள் என்று தம் மனம் ஒப்பிய ஒருத்தியை, 'ஊர் ஏற்காது' என்ற சொல்லாற் கைவிடுதல் தகாது. ஒவ்வொருவரும் அவ்வாறு அடுத்தவரைச் சுட்டினால், எல்லோரும் விரும்பிய ஒருத்தி எவருடைய வாக்குமின்றித் தோற்பாள். ஊர் என்பது நூறு கதவுகளுக்கு அப்பால் எங்கோ இருக்கும் ஒருவரன்று. வெள்ளவத்தையில் ஒரு வீடும், கொட்டாஞ்சேனையில் ஒரு வீடும், வவுனியாவில் ஒரு வீடும், மாத்தறையில் ஒரு வீடும் சேர்ந்ததே ஊர்.

வகுப்பறைகளில் இன்று முன்வரிசையிலிருந்து விடை கூறும் மாணவிகள் பலர். சட்டமும் மருத்துவமும் கணக்கியலும் கற்க அவர்களுக்குத் தடையில்லை. நாட்டை ஆளவும் உனக்கு இடமுண்டு என்று அவர்களிடம் கூறும் பெற்றோரும் ஆசிரியரும், அடுத்த கணமே ஊரைக் காட்டி அஞ்சுவராயின், அக்கூற்றை எந்தப் பிள்ளை நம்பும்? ஊர் 1932 இலும், 1960 இலும், 1994 இலும், 2024 இலும் தன் விடையைத் தந்துவிட்டது. அடுத்த தேர்தலுக்கு நியமனப் பத்திரம் நிரப்பப்படும் நாளில், அவ்விடையைக் கட்சிப் பெரியோருக்கு நினைவூட்டுவது கேட்போர் அனைவரின் பொறுப்பாகும்.